எண்பதடி ஆழத்தில் பத்து விரல்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. என்னிடம் சம்பளம் வாங்குகிற பட்டதாரிகளுக்கு வேண்டுமானால் இருக்கலாம். வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மழை எட்டிப் பார்க்காத ஒரு மேட்டுக்காட்டிலிருந்து பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தவன் நான். பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலையில் ஆரம்பித்தேன். ஓவர்லாக் பழகினேன், கட்டிங் பழகினேன், நாலு மிஷினை வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். இன்றைக்கு வேலம்பாளையத்தில் மூன்று மாடிக் கட்டடம் என்னுடையது. நான் தைத்து அனுப்பின டி-சர்ட் போகாத தேசம் குறைவு.

இப்படிப்பட்டவன் கடலுக்கு அடியில் எண்பது அடி இறங்கி, முழுகிக் கிடக்கிற கப்பலைக் கையால் தொட்டுவிட்டு வந்தேன் என்றால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்.

"ஏனுங், தண்ணிக்குள்ள மூச்சு முட்டாதுங்களா?"

"அதுக்குத்தானுங்க முதுகுல காத்து சிலிண்டர் கட்டியுடறாங்க."

"அட, இந்த வயசுல எதுக்குங்க? மீன் பார்க்கோணும்னா மார்க்கெட்டுல ஐஸ் மேல படுத்திருக்குமில்லீங்க!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்குப் போனேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என் மகன் என்னோடு மறுபடியும் பேச வேண்டும் என்பதற்காகப் போனேன். வேறு ஒரு காரணமும் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. சரக்கு வாங்குகிற பையர் போன் பண்ணி, ஆர்டர் என்னாச்சு என்று கேட்டால், "பேக்கிங்ல இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். துணி அப்போதுதான் நிட்டிங் மிஷினில் சுற்றிக்கொண்டிருக்கும். சில நேரம் நூல் மூட்டையே வந்து இறங்கியிருக்காது. ஆனாலும் பேக்கிங்ல இருக்குங்க. அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததில்லை. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். சொல்லி முடித்துவிட்டு, ஷிப்டுக்கு மேல் ஷிப்டு ஓட்டி, நின்ற இடத்திலேயே டீயைக் குடித்து, சொன்னதை உண்மையாக்குவோம். நான் சொன்ன தேதியில் கப்பல் ஏறாமல் போன சரக்கு ஒன்று கூடக் கிடையாது. வாய் முன்னால் போய்விடும், கை பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்துவிடும். நான் மேலே வந்தது அப்படித்தான்.

இப்போதெல்லாம் பையர் வீடியோ கால் போட்டு, "பேக்கிங் டேபிளைக் காட்டுங்க" என்கிறான். முதல் தடவை ஒருத்தன் அப்படிக் கேட்டபோது நடு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருசம் என் வாய்ச் சொல்லை வாங்கினவன், இப்போது அட்டைப்பெட்டியை எண்ணிப் பார்க்கிறான்.

என் மகன் மேல்படிப்புக்கு வெளிநாடு போயிருந்தான். அப்போது எங்கூட்டுக்காரிக்கு உடம்புக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கூப்பிடுவான்.

"அம்மா எங்கீங்கப்பா?"

"கோயலுக்குப் போயிருக்கா கண்ணு. சிவன்மலைக்கு."

அவள் அப்போது கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். அடுத்த வாரம் கேட்டான்.

"அம்மாவுக்குக் காய்ச்சலுன்னு சித்தி சொன்னாங்களே?"

"சும்மா சாதாக் காய்ச்சல். சரியாப் போச்சு. இப்பத்தான் கண்ணசந்தா."

அவனுக்குப் பரீட்சை நேரம். மனசைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொன்னதை உண்மையாக்கிவிடலாம் என்று நம்பினேன். பெரிய டாக்டர், பெரிய ஆஸ்பத்திரி, கூடவே நான் நிற்கிறேன்; நான் நின்று ஆகாத காரியம் உண்டா? ரெண்டு மாசம் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு தடவைதான் வாய் போன இடத்துக்குக் கை போய்ச் சேரவில்லை.

அவன் விமானம் பிடித்து வந்தபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்த முகத்தைத்தான் பார்த்தான். பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"சிவன்மலைக்குப் போயிருக்காங்களாப்பா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. காரியம் முடிந்ததும் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். மூன்று மாடிக் கட்டடம் இங்கே நிற்கிறது, அதற்கு வாரிசு அங்கே இன்னொருத்தனிடம் கைகட்டிச் சம்பளம் வாங்குகிறான். வாரத்துக்கு ஒரு போன் தவறாமல் வரும். "சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரிங்க. வெச்சர்றேனுங்க." எங்கள் கம்பெனி வாட்ச்மேன் கூட என்னோடு அதைவிட அதிகம் பேசுவார்.

அவன் லீவு கிடைத்தால் கடலுக்கடியில் போகிறான் என்று என் மச்சினி போனில் படம் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு பழைய சரக்குக் கப்பல் முழுகிக் கிடக்கிறதாம். எங்கப்பா அரைஞாண் கயிற்றோடு திரிந்த காலத்தில் நடந்த உலக யுத்தத்தில், விமானத்திலிருந்து குண்டு போட்டு மூழ்கடித்த கப்பல். அதைச் சுற்றி மீன் மண்டிக் கிடக்கிறதாம். அதைப் பார்க்கத்தான் வருசா வருசம் போகிறான். உடனே கூப்பிட்டேன்.

"நானும் வர்றேன்."

"அது உங்களுக்கு ஆகாதுங்கப்பா."

"ஏன் ஆகாது? அறுபதடிக் கிணத்துல தலைகீழாக் குதிச்சவன்டா நான். சித்திரை மாசத்துல விழுந்த செம்பை அடிச் சேத்தோட அள்ளிக்கிட்டு வருவேன்."

"டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா வாங்க" என்றான்.

டாக்டர் என்னை மிஷின் மேல் ஏற்றி ஓடவிட்டார். நாற்பது வயசுக்காரன் நெஞ்சாட்டம் இருக்குதுங்க என்றார். அதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தக் கரையில் முக்குளிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர் தமிழர்தான். நாற்பது வயசிருக்கும், வெயிலில் கறுத்துத் தேக்கு மாதிரி உடம்பு. நாலு நாள் பயிற்சி. இங்கிலீஷில் இருந்த கேள்விகளை அவர் தமிழில் வாசித்தார், நான் வாயால் பதில் சொன்னேன். ரெண்டே ரெண்டு தப்பு. கூட எழுதின பட்டதாரிப் பையன்களுக்கு ஆளுக்கு ஏழெட்டு. நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

"ஐயா, தண்ணிக்குள்ள ஒருத்தரும் தனியப் போறேல்ல. சோடியாத்தான் போகோணும். சோடியை விட்டுட்டுப் போறது பெரிய பிழை."

அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்து போயிற்று. கரையில் என்னைவிட்டு நாலடி தள்ளி நடக்கிற பையன், தண்ணீருக்குள் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் நீந்தியாக வேண்டும். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாக வேண்டும். அது சட்டம்.

கீழே பேச்சு கிடையாது, சைகைதான். உள்ளங்கையில் ரெண்டு விரலைத் தட்டினால், காற்று எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதாக அர்த்தம். கேட்டவனுக்கு விரலால் பதில் காட்ட வேண்டும். ஒரு விரல் பத்து, ரெண்டு கையும் விரித்தால் நூறு. சிலிண்டர் நிறைந்திருந்தால், இடுப்புப் பக்கம் தொங்குகிற மீட்டரில் முள் இருநூறில் நிற்கும். யாருக்கு முதலில் நூறு ஆகிறதோ, அவனோடு எல்லோரும் திரும்ப வேண்டும். ஐம்பதுக்குக் கப்பலை விட்டு மேலே கிளம்பிவிட வேண்டும்.

"அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா சோடியைக் கேக்கோணும். அவர் காட்டுறதை நம்போணும்" என்றார்.

"பொய் காட்டுனா?" என்று விளையாட்டுக்குக் கேட்டேன்.

"அங்க ஆரும் பொய் காட்டுறேல்ல ஐயா" என்றார். சிரிக்கவில்லை.

முதல் தடவை இறங்கினதை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. படகிலிருந்து நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை, பச்சையாக ஒரு மூட்டம். பிறகு கீழே கறுப்பாக ஏதோ எழும்பி வந்தது. மலை என்று நினைத்தேன். கப்பல். ரெண்டாக ஒடிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூங்குகிற மாடு மாதிரி படுத்திருந்தது. இரும்பு தெரியவேயில்லை. பாசியும் பவளமும் பூத்து, காங்கேயத்துத் தேர் அலங்காரம் கெட்டது போங்கள். வெள்ளி வெள்ளியாகப் பாறை மீன் கூட்டம் ஒன்று மொத்தமாகத் திரும்பினால், பகலையே லைட்டாகப் போட்டு அணைத்த மாதிரி இருக்கும். ஈட்டியாட்டம் சீலா மீன்கள் அசையாமல் நின்றன. ஓட்டைக்குள்ளிருந்து அஞ்சாலை என்கிற பாம்பு மாதிரி மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. சரக்கு ஏற்றின அறைக்குள் எட்டிப் பார்த்தால் கண்ணாடி போலக் குஞ்சு மீன்கள், லட்சம் இருக்கும், சுவர் தெரியாமல் அடைத்துக்கொண்டு நின்றன. குண்டு விழுந்து செத்த கப்பல் இத்தனை உயிருக்குச் சோறு போடுகிறது. உயிரோடு இருக்கிறவன் வீட்டில் ரெண்டாவது தட்டுக்கு ஆளில்லை.

அந்தப் பயணத்துக்கென்று என் கம்பெனியிலேயே தலைக்குக் கட்டுகிற துணி தைத்து எடுத்துப் போயிருந்தேன். நல்ல ரத்தச் சிவப்பு. படகில் இருந்த எல்லோருக்கும் கொடுத்து, "ஐம்பது தடவை துவைச்சாலும் சாயம் போகாது, நான் கேரண்டி" என்று சொல்லியிருந்தேன். எண்பதடியில் திரும்பிப் பார்த்தால், என் மகன் தலையில் இருக்கிற துணி சேற்று நிறத்தில் இருக்கிறது. ஒவ்வொருத்தன் தலையாகப் பார்த்தேன். அத்தனையும் சேறு. எனக்கு மானமே போய்விட்டது. அங்கேயே அவன் தலைத் துணியைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தேன். மேலே வந்ததும் முதல் பேச்சாக, "சாயப்பட்டறைக்காரன் என்னை ஏமாத்திப்புட்டான் கண்ணு" என்றேன்.

அவன் தலையிலிருந்து துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தான். ரத்தச் சிவப்பு, அப்படியே இருந்தது.

"சாயம் போகலைங்கப்பா. அவ்வளவு ஆழத்துல சிவப்பு தெரியாதுங்க. வெளிச்சத்துல இருக்கற சிவப்பைத் தண்ணியே குடிச்சிரும்."

"அப்போ துணி மேல தப்பில்ல?"

"துணி பாஸுங்க. நீங்க கீழ நின்னு எல்லார் தலையையும் கசக்குனீங்களே, அதுதான் ரிஜெக்ட்!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். அவன் அம்மா போன பிறகு என் முன்னால் அவன் சிரித்தது அன்றைக்குத்தான். ஆறு கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்த நாளில் கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

கரைக்குத் திரும்பும்போது படகோட்டி என்னைக் கேட்டார். "உங்கட ஊரில ஆறு இருக்கோ ஐயா?"

"இருக்குதுங்களே."

"மீன் கிடைக்குமோ?"

"ஏராளமாக் கிடைக்கும்" என்றேன். எங்கள் ஆறு பல வருசம் சாயத் தண்ணீராக ஓடினதும், அதில் என் பங்கும் உண்டு என்பதும் படகுக்காரருக்கு எதற்கு? என் மகன் மட்டும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சிரிப்பு அடங்கியிருந்தது. அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ரெண்டாம் வருசமும் போனோம், மூன்றாம் வருசமும் போனோம். எனக்கு ஒரு குறை. காற்றை அதிகமாக இழுத்துவிடுகிறேன். மற்றவர்களுக்கு நூற்று ஐம்பது இருக்கும்போது எனக்கு நூறாகிவிடும். நான் பத்து விரலைக் காட்டினதும் மொத்தக் கூட்டமும் திரும்ப வேண்டும். கூட வந்த வெள்ளைக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் கண்ணாடிக்குள் அவர்கள் கண் தெரியும். என் வாழ்நாளில் என்னால் ஒரு வேலை நின்றது என்று யாரும் சொன்னதில்லை.

அதைவிடப் பெரிய விசயம், கப்பலின் வால் பக்கம். அங்கே காற்றாடி மாதிரி பெரிய இரும்பு விசிறி மண்ணில் பாதி புதைந்து நிற்கிறது. அதன் அடியில் ஒரு களவா மீன் இருக்கிறது, கன்றுக்குட்டி அளவு, கிழடு, என்று சொல்லிக் கொடுக்கிறவர் சொல்லியிருந்தார். என் மகனுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மூன்று வருசமாக அந்த விசிறிக்குப் பாதி தூரம் போவோம், எனக்கு நூறாகிவிடும், திரும்புவோம். அவன் நினைத்தால் என்னை வேறு ஒருத்தரோடு சோடி போட்டுவிட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. அதை நான் எனக்குக் கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருசம், கடைசி நாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. கப்பல் நடுவில் ஒடிந்த இடத்தைத் தாண்டிவிட்டோம். தூரத்தில் விசிறியின் ஒரு இதழ் தெரிந்தது. அவன் என் பக்கம் திரும்பி, உள்ளங்கையில் ரெண்டு விரலைத் தட்டினான்.

என் மீட்டரைப் பார்த்தேன். தொண்ணூறு.

அவன் கண்ணைப் பார்த்தேன். சின்ன வயசில் கோயில் நோம்பிக் கடையில் பொம்மை முன்னால் நிற்பானே, வேண்டும் என்று கேட்காமல், அந்தக் கண்.

பத்து விரலைக் காட்டினேன். பிறகு இன்னும் மூன்று விரல். நூற்று முப்பது. பேக்கிங்ல இருக்குங்க.

அவன் தலையாட்டினான். நம்பினான். எனக்கு அப்போது பயமே இல்லை, சந்தோசமாகத்தான் இருந்தது. கொஞ்சம் மூச்சைப் பிடித்து இழுத்தால் சமாளித்துவிடலாம், எத்தனை சரக்கை இப்படிச் சமாளித்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது. விசிறிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவன் அடியில் விளக்கை அடித்தான். அந்த மீன் இருந்தது. கல் என்றுதான் நினைப்பீர்கள், பிறகு கண் ஒன்று உருளும். உதடு தடித்து, உடம்பெல்லாம் வடு. எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் பார்த்தது. என் மகன் அசையாமல் அதன் முன்னால் மிதந்தான். கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். முப்பது வயசுப் பையன். நான் மீட்டரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தக் கையை விட வேண்டியிருக்கும்.

பார்த்தபோது முப்பது. கொஞ்ச நேரத்தில் மூச்சு கனத்தது. அடைத்த குழாயில் உறிஞ்சுகிற மாதிரி. காற்றுத் தீர்ந்தால் கழுத்தை அறுப்பது போலக் கையால் காட்ட வேண்டும், அது முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம். என் கை எழும்பவில்லை. காட்டினால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும். எண்பதடித் தண்ணீருக்கு அடியில், மூச்சு நிற்கப்போகிற ஆள் இதையா யோசிப்பான் என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசித்தேன்.

அவனே திரும்பிப் பார்த்துவிட்டான். அடுத்த நொடி என் வாயில் அவனுடைய மாற்றுக் குழாய் இருந்தது. என் மார்புப் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு போனான். ஒரே சிலிண்டரை ரெண்டு பேரும் இழுக்கிறோம். பதினைந்தடியில் மூன்று நிமிசம் நிற்க வேண்டும் என்பது விதி. நின்றோம். முகத்துக்கு முகம், ஒரு முழம் இடைவெளி. அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முள் இறங்க இறங்க என் பட்டையைப் பிடித்திருந்த அவன் பிடி இறுகியது. படகில் ஏறும்போது அவன் சிலிண்டரில் பத்து கூட மிச்சமில்லை.

சொல்லிக் கொடுக்கிறவர் என் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். சுழியம். எழுந்து படகின் முன் பக்கம் போய்விட்டார். என் மகன் எதிரில் உட்கார்ந்தான்.

"நான் கேட்டப்போ எவ்வளவுங்க இருந்துச்சு?"

"நூத்தி முப்பது."

"அப்பா."

"நூத்திப் பத்தாட்டம் இருக்கும். கண்ணாடியில சரியாத் தெரியலை."

"அப்பா, நூத்திப் பத்து இருந்தா இவ்வளவு சீக்கிரம் தீராதுங்க. எவ்வளவு இருந்துச்சு?"

"அட, நீ அந்த மீனைப் பாக்கோணும்னு ஆசைப்பட்டே. பாத்துட்டயில்ல? ரெண்டு பேரும் முழுசா மேல வந்துட்டோமில்ல? அப்புறமென்ன?"

அவன் தலைத் துணியை அவிழ்த்தான். மூன்று வருசமாக அதே சிவப்புத் துணியைத்தான் கட்டிக்கொண்டிருந்தான். அதை நாலாக மடித்து என் பக்கத்துப் பலகையில் வைத்தான்.

"அம்மாவைப் பத்திக் கேட்டப்பவும் எனக்கு இதையேதானுங்க காட்டுனீங்க. நானும் தலையாட்டிட்டு அங்கயே இருந்துட்டேன்."

"உனக்காகத்தான்டா…"

"எனக்காகத்தானுங்க. தெரியும். அதனாலதான் எனக்குத் திட்டக்கூட வரமாட்டேங்குது."

அதற்கப்புறம் ஒரு வருசம் பழைய போன்தான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெச்சர்றேனுங்க. எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்தினவன் நான். நான் அள்ளிவிட்ட வார்த்தையில்தான் இவன் படிப்பு, இவன் வெளிநாடு, இவன் கடல் எல்லாம் வந்தது. உண்மையை மட்டும் பேசியிருந்தால் இவனும் ஒரு டெய்லர் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பான். இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நினைத்தேன். சொன்னால் அந்த ஒரு போனும் நின்றுவிடும்.

போன சீசனுக்கு நானே கேட்டேன். "கடலுக்குப் போறயா?"

"போறேனுங்க."

"நானும் வரட்டுமா?"

யோசித்தான். "வாங்க" என்றான்.

படகில் சொல்லிக் கொடுக்கிறவர், "ஐயாவை என்னோட சோடியா விடுங்க தம்பி, நான் பாத்துக்கொள்றன்" என்றார். என் மகன், "வேண்டாங்கண்ணா, எங்கூடவே வரட்டும்" என்றான். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து நின்று சிவன்மலை முருகனைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கோபம் தீர்ந்துவிட்டது, பையன் பழையபடி ஆகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே தண்ணீரில் விழுந்தேன்.

கப்பல் அப்படியே இருந்தது. பாறை மீன் கூட்டம் திரும்பியது, அஞ்சாலை வாயைத் திறந்து மூடியது. அவன் எனக்கு அரை அடியில் நீந்தினான். முன்பைவிட நெருக்கம். எனக்குப் பெருமை. அவன் எப்போது உள்ளங்கையில் தட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி காட்டுவது என்று திருப்பூரிலிருந்தே முடிவு பண்ணி வந்திருந்தேன். ஒரு விரல் கூடக் கூட்டமாட்டேன்.

அஞ்சு நிமிசம் ஆனது. அவன் தட்டவில்லை. என் இடுப்புப் பக்கம் கையை விட்டு, என் மீட்டரைக் குழாயோடு இழுத்துத் திருப்பி, தன் கண்ணால் பார்த்தான். விட்டுவிட்டு நீந்தினான். இன்னொரு அஞ்சு நிமிசம். மறுபடியும் இழுத்துத் திருப்பிப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பேக்கிங் டேபிளைக் காட்டுங்க.

கப்பல் ஒடிந்த இடத்தில் மீட்டரை நானே பார்த்தேன். சரியாக நூறு. அவன் கேட்கவில்லை. கேட்காமலேயே அவன் முன்னால் போய் நின்று, ரெண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினேன். உண்மையான பத்து விரல், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் என் கைகளுக்குக் கீழே கையை விட்டு மீட்டரை இழுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, திரும்பலாம் என்று கட்டை விரலால் கயிற்றுப் பக்கம் காட்டினான்.

மேலே வந்து அவன் என் சிலிண்டரைக் கழற்றும்போது சொன்னேன். "நூறுன்னு சரியாத்தான் காட்டுனேன்."

"பாத்தேனுங்க."

"என் கையையா, மீட்டரையா?"

அவன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் கயிறு போட்டுக் கட்டினான். ரெண்டு முடிச்சு போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு வந்து துண்டை எடுத்து என் தோளில் போர்த்தினான். "குளிருதுங்களா?" என்று கேட்டான்.

"இல்ல கண்ணு" என்றேன். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

அவன் என் கையைத் தொட்டுப் பார்த்தான். இன்னொரு துண்டைக் கொண்டுவந்து போட்டான்.

வருகிற சீசனுக்கும் டிக்கெட் போட்டுவிட்டதாகப் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னான். என் பெயரையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறான். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். போவேன். அவன் கடமையில் குறை வைக்கமாட்டான், என்னைத் தண்ணீருக்குள் சாக விடமாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்காகவா நான் கடலில் இறங்கினேன்?